உள்ளாட்சி இணையதளத் தமிழ்: எழுத்துத் தரப்பாட்டிலிருந்து உரைத் தரப்பாட்டை நோக்கி

ஆய்வுச்சுருக்கம்

உள்ளாட்சி அமைப்பு தன் மக்களுக்கு எழுதிக் காட்டும் செய்தி எவ்வடிவில் அமைய வேண்டும் என்னும் வினா இணையதளக் காலத்தில் தோன்றிய புதிய வினா அன்று. சோழர்காலச் சபைக் கல்வெட்டு, குடியேற்றக் கால அறிவிப்பு முறைகள், ஆட்சிமொழிச் சட்டம், எழுத்துச் சீர்திருத்தம், கணினிக் குறியாக்கம் ஆகியவற்றினூடே அவ்வினா வெவ்வேறு வடிவில் எழுப்பப்பட்டு வந்துள்ளது. தமிழ்நாட்டில் சொல்லுக்கும் எழுத்துருவத்திற்கும் குறியாக்கத்திற்கும் அரசு தரப்பாடுகளை வகுத்தது. அவற்றைக் கொண்டு ஆக்கப்படும் உரை படிப்பவருக்கு எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு அதே அளவு கவனம் தரப்படவில்லை. இக்கட்டுரை அவ்வரலாற்றைத் தொகுத்து ஆராய்ந்து, உள்ளாட்சி இணையதளங்களுக்கான உரைத் தரப்பாட்டின் அடிப்படைக் கூறுகளை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: உள்ளாட்சி, ஆட்சித்தமிழ், இணையதளம், ஒருங்குறி, தரப்பாடு, தகவல் பெறும் உரிமை, ஆவணக் காப்பு

முன்னுரை

இந்திய அரசியலமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள் 1993ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் பயனாக ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகள் அரசியலமைப்பு நிலை பெற்றன. பதினோராம் அட்டவணை ஊராட்சிகளுக்கு 29 பொருள்களையும், பன்னிரண்டாம் அட்டவணை நகராட்சிகளுக்கு 18 பொருள்களையும் குறிப்பிடுகின்றன. குடிநீர், தெருவிளக்கு, கழிவு அகற்றல், கட்டட அனுமதி, பிறப்பு இறப்புப் பதிவு என ஒரு குடிமகன் அரசை அன்றாடம் சந்திக்கும் இடங்கள் பலவும் உள்ளாட்சியோடு தொடர்புடையவை. முன்பு அலுவலகச் சாளரத்தின்முன் நின்று கேட்டறிந்தவற்றை இன்று அவர் கைபேசித் திரையில் படித்தறிய வேண்டியுள்ளது. அலுவலரிடம் மறுகேள்வி கேட்கலாம். திரையிடம் கேட்க இயலாது. எனவே திரையில் உள்ள உரையே முழுப்பொறுப்பையும் ஏற்க வேண்டியதாகிறது.

இக்கட்டுரையாளர் தம் முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு ஒரு நகராட்சியின் இணையதளத்தில் மன்றத் தீர்மானங்களைத் தேடியபோது ஏற்பட்ட இடர்ப்பாடே இவ்வாய்வுக்குத் தூண்டுதலாக அமைந்தது. தீர்மானங்கள் அங்கு இருந்தன. ஆயினும் தேடுபெட்டியில் 'குடிநீர்' என உள்ளிட்டால் ஒன்றும் கிடைக்கவில்லை. கோப்பைத் திறந்து கண்ணால் படித்தால் அச்சொல் பக்கந்தோறும் காணப்பட்டது. படியெடுத்து ஒட்டியபோது அது பொருளற்ற இலத்தீன் எழுத்துக் கோவையாக மாறியது. கண்ணுக்குத் தமிழாகவும் கணினிக்குத் தமிழல்லாததாகவும் ஓர் ஆவணம் எவ்வாறு அமைந்தது என்னும் வினா, ஆட்சித்தமிழின் வரலாற்றிற்கே இட்டுச் செல்கிறது.

இங்கு 'எழுத்துத் தரப்பாடு' என்பது எழுத்தின் உருவம், குறியாக்கம், விசைப்பலகை ஆகியவற்றை ஒழுங்குபடுத்துதலையும், 'உரைத் தரப்பாடு' என்பது சொல் தேர்வு, தொடரமைப்பு, தலைப்பிடல், நாள், எண், பெயர் எழுதும் முறை ஆகியவற்றை ஒழுங்குபடுத்துதலையும் குறிக்கும். முதலாவது பெருமளவு நிறைவுற்றிருக்க, இரண்டாவது தொடக்க நிலையிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

1. கல்லில் பொறித்த விதியும் அதன் வடிவமும்

உள்ளாட்சி தன் விதிகளைப் பொதுவில் எழுதி வைத்தமைக்குத் தமிழகத்தின் நன்கறியப்பட்ட சான்று உத்திரமேரூர்க் கல்வெட்டுகளாகும். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் (பொ.ஆ. 919, 921) சேர்ந்த இவ்விரு கல்வெட்டுகளும் குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுகின்றன. தேர்தல் வரலாற்றின் சான்றாகவே இவை பெரிதும் ஆராயப்பட்டுள்ளன. ஆவண வடிவத்தின் சான்றாக நோக்கினால் மூன்று செய்திகள் புலப்படும்.

முதலாவது, காலக்குறிப்பு. முதற்கல்வெட்டு உறுப்பினரின் வயது வரம்பை 30க்கு மேல் 60க்கு உட்பட்டதென வகுத்தது. இரண்டாவது அதனை 35க்கு மேல் 70க்கு உட்பட்டதெனத் திருத்தியது. திருத்தம் வந்தபின்னும் பழைய விதி அழிக்கப்படவில்லை, இரண்டும் நிலைபெற்றுள்ளன. ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருப்பதால் எது முந்தியது, எது பிந்தியது என்பதில் ஐயமில்லை. இரண்டாவது, தகுதிகள் பொதுச்சொற்களால் அன்றி அளவுகளால் கூறப்பட்டுள்ளமை. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வயது வரம்பு என ஒவ்வொன்றும் சரிபார்க்கத்தக்க வகையில் வரையறுக்கப்பட்டுள்ளது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்படுகின்றனர். மூன்றாவது, செயல்முறை நிகழும் வரிசையிலேயே எழுதப்பட்டுள்ளமை. குடும்புதோறும் பெயர் எழுதிய ஓலை சேர்த்தல், குடத்தில் இடுதல், அனைவரும் காண நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எடுத்தல், ஏதும் அறியாச் சிறுவன் ஓலையை எடுத்தல், மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை ஏற்று வாசித்தல், பின் அங்குள்ள நம்பிமார் அனைவரும் வாசித்தல் என அது தொடர்கிறது.

இதனை இலட்சிய மக்களாட்சியாகக் காண்பது பொருந்தாது. அது பிராமணர் ஊரான சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே உரியது. கல்வெட்டின் மொழியும் வடசொல்லும் கிரந்த எழுத்தும் விரவியது. உழுகுடிகள் அதனைப் படித்திருப்பர் எனக் கொள்ள இடமில்லை. இருப்பினும் நாளிடுதல், அளவிட்டுக் கூறுதல், வரிசைப்படுத்துதல், வாசித்துச் சரிபார்த்தல் ஆகிய நான்கும், சபைக்குள் இருந்தோருக்கேனும், விதியைச் சோதித்தறியும் வாய்ப்பை அளித்தன. ஓர் உள்ளாட்சி ஆவணத்திலிருந்து படிப்பவர் எதிர்பார்க்கத்தக்க குறைந்தபட்ச வடிவம் இது. பிற்கால ஆவணங்களை இந்நான்கின் அடிப்படையில் ஒப்பிட இயலும்.

2. தமுக்கும் அரசிதழும்

நவீன உள்ளாட்சியின் சட்ட வரலாறு சென்னையில் 1688ஆம் ஆண்டில் மாநகராட்சி தொடங்கப்பட்டதோடு தொடங்குகிறது. 1882ஆம் ஆண்டின் ரிப்பன் தீர்மானம், 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டங்கள், 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிச் சட்டம் என அது வளர்ந்தது. இச்சட்டமரபில் பொது அறிவிப்பு இரு தடங்களில் இயங்கியது. ஒன்று, அரசிதழிலும் அலுவலக அறிவிப்புப் பலகையிலும் வெளியிடுதல். மற்றொன்று, தமுக்கடித்து அறிவித்தல்.

எழுத்துத் தடம் சட்டச் சான்றுக்குரியது, ஒலித்தடம் மக்களுக்குரியது. வரி விகிதமும் ஏல நாளும் அரசிதழில் சட்டநடையில் வெளியாயின. அவற்றையே தெருவில் உரைத்தவர் கேட்போருக்கு விளங்கும் தமிழில் சுருக்கிக் கூற வேண்டியிருந்தது. ஆகவே எழுதிய உரை கடினமாக இருந்தாலும் அதனை எளிமையாக்கும் சுமை அறிவிப்பவர்மேல் விழுந்தது. அப்பணியோ சாதியின் அடிப்படையில் ஒடுக்கப்பட்டோர்மேல் சுமத்தப்பட்டிருந்தது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர், தண்டோரா முறையைக் கைவிட்டு வாகனங்களில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். இழிவு சுமத்திய ஒரு முறை கைவிடப்பட வேண்டியதே. ஆயினும் எழுத்தை மக்கள்மொழியில் மாற்றித் தந்த இடைநிலை இணையதளத்தில் இல்லை என்பதையும் உடன் கருத வேண்டும். அரசிதழுக்கு எழுதிய உரையே மாற்றமின்றித் திரையில் ஏற்றப்படும்போது, இரு தடங்களின் பணியையும் ஒரே உரை செய்ய வேண்டிய நிலை ஏற்படுகிறது. அதற்கு அவ்வுரை ஆயத்தப்படுத்தப்படவில்லை.

3. ஆட்சிமொழிச் சட்டமும் அலுவலக நடையும்

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை மாநிலத்தின் ஆட்சிமொழியாக்கியது. அதனை நடைமுறைப்படுத்தச் சொல்லே முதல் தேவையாக இருந்தது. ஆட்சிச்சொல் அகராதி வெளிவந்தது. நகராட்சி ஆணையராகப் பணியாற்றிய கீ. இராமலிங்கனார் போன்றோர் சொல்லாக்கத்தில் ஈடுபட்டனர். முனிசிபாலிட்டி நகராட்சியாகவும், தாலுகா வட்டமாகவும், கமிஷனர் ஆணையராகவும் மாறின. ஆட்சித்தமிழின் சொல்வளம் உள்ளாட்சிப் பணியோடு நெருங்கிய தொடர்புடையது என்பதற்கு இவை சான்றாகும்.

சொல் தமிழாயிற்று, ஆவணத்தின் கட்டமைப்பு மாறவில்லை. சென்னை மாகாணத்தின் அலுவலக நடைமுறை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டாட்டன்ஹாம் வகுத்த முறையில் நிலைபெற்றது. கோப்பு, பதிவேடு, குறிப்பு, வரைவு என்னும் அதன் ஒழுங்கு இன்றும் அலுவலகங்களில் தொடர்கிறது. அரசாணையின் 'சுருக்கம்', 'படிக்கப்பட்டவை', 'ஆணை' என்னும் பகுப்பும், செயல்முறைகளின் 'முன்னிலை', 'பொருள்', 'பார்வை' என்னும் பகுப்பும் ஆங்கில ஆவண வடிவின் தமிழ்ப் பெயர்ப்புகளே. இவ்வடிவம் கோப்பை நகர்த்தும் அலுவலருக்குப் பயன்மிக்கது. எந்தக் கடிதத்தின் தொடர்ச்சி, எந்த ஆணையின் அடிப்படை என்பன அவருக்கு முதலில் தெரிய வேண்டும். குடிமகனுக்கோ முதலில் தெரிய வேண்டியது, தான் என்ன செய்ய வேண்டும், எந்நாளுக்குள் செய்ய வேண்டும் என்பன. அலுவலக வடிவில் அவை இறுதியில் இடம்பெறுகின்றன.

தொடரமைப்பிலும் இதன் தாக்கம் தெளிவு. 'எனவும்' என்னும் சொல்லால் பல ஆணைகளை ஒரே வாக்கியத்தில் கோத்து, 'ஆணையிடப்படுகிறது' அல்லது 'தெரிவித்துக்கொள்ளப்படுகிறது' எனச் செயப்பாட்டு வினையால் முடிப்பது ஆட்சித்தமிழின் அடையாளமாயிற்று. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் இறுதியில் வருவதால், நீண்ட தொடரில் படிப்பவர் செயலை அறிய வாக்கியத்தின் கடைசிச் சொல்வரை காத்திருக்க நேர்கிறது. செயப்பாட்டு வினை யார் செய்வது என்பதையும் மறைத்துவிடுகிறது. 'மனு பரிசீலிக்கப்படும்' என்னும் தொடரில் பரிசீலிப்பவரும் இல்லை, காலவரம்பும் இல்லை. இது வெறும் நடைக்குறை அன்று; பொறுப்புடையவர் உரையிலிருந்து விலகி நிற்கும் முறை.

4. எழுத்துச் சீர்திருத்தமும் குறியாக்கமும்

அடுத்த கட்டத்தில் அரசின் கவனம் எழுத்தின் வடிவத்தில் நிலைத்தது. பெரியார் 1935இல் குடி அரசு இதழில் நடைமுறைப்படுத்திய சீர்திருத்தத்தை ஏற்று, 1978 அக்டோபர் 19 அன்று தமிழ்நாடு அரசு ஆணை வெளியிட்டது. ணா, றா, னா ஆகியவையும் அவற்றின் ஒகர, ஓகார உயிர்மெய்களும், ணை, னை, லை, ளை ஆகியவையுமாக 13 எழுத்துகள் சீர்மை பெற்றன. கற்றலும் அச்சுக்கோத்தலும் தட்டச்சும் எளிமையாயின. உள்ளாட்சி அலுவலகங்களின் சுற்றறிக்கைகளும் படிவங்களும் புதிய வடிவிற்கு மாறின.

கணினி வந்தபோது இவ்வொழுங்கு குலைந்தது. ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் தனக்கெனக் குறியாக்கம் வகுத்துக்கொண்டது. இலத்தீன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் எழுத்துருக்களைப் பொருத்துவதே பெரும்பாலான முறைகளின் அடிப்படை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு தாம், தாப் என்னும் இரு 8 பிட்டுக் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. எனினும் அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துருக்கள் பரவலாக வழங்கின. தட்டச்சு பயின்றோர் தம் பழகிய விசை வரிசையையே தொடர்ந்தனர். அரசாணை ஒரு தரத்தைக் கூற, அலுவலக மேசை வேறொன்றைப் பின்பற்றியது.

இதற்கிடையே 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. இந்தியக் குறியாக்கத் தரமான இஸ்கியை அடியொற்றி 128 இடங்கள் கொண்ட பகுதி தமிழுக்கு ஒதுக்கப்பட்டது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்னும் கோரிக்கையிலிருந்து தமிழ் அனைத்து எழுத்துக் குறியாக்கம் (டேஸ் 16) உருவானது. கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய 2010 ஜூன் 23 நாளிட்ட அரசாணை ஒருங்குறியைத் தரமாகவும், ஒருங்குறி இயங்காத மென்பொருள்களில் டேஸ் 16ஐ மாற்றாகவும் அறிவித்தது. எழுத்துத் தரப்பாட்டின் வரலாற்றில் இது ஒரு நிறைவுப் புள்ளி.

ஆயினும் ஆணைக்கு முந்தைய ஆவணங்களும், ஆணைக்குப் பின்னரும் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டுப் பிடிஎஃப் கோப்பாக்கப்பட்டவையும் எஞ்சியுள்ளன. அவற்றைத் தேடுபொறி கண்டறியாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் வாசிக்காது. மொழிபெயர்ப்பு மென்பொருள் கையாளாது. முன்னுரையில் குறிப்பிட்ட தேடல் தோல்விக்கும் இதுவே காரணம்.

ஒருங்குறிக்குள்ளும் ஒழுங்கின்மைக்கு இடமுண்டு. 'கொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டையும் ஒன்றென இணைத்துக் காணும் வசதி அமைக்கப்படாத தேடலில் ஒன்று மற்றொன்றாகக் கிடைக்காது. 'ஔ' என ஓரெழுத்தாக எழுதுவதும் 'ஒ', 'ள' என ஈரெழுத்தாக எழுதுவதும் இத்தகையதே. ஔவையார் பெயரில் தெரு உள்ள ஊரில் இது வரி செலுத்துபவரின் முகவரிச் சிக்கலாகவே மாறும்.

5. சட்டக் கடமையும் இணையதள வழிகாட்டு நெறிகளும்

2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இவ்வரலாற்றில் திருப்புமுனை. அதன் 4ஆம் பிரிவு, எவரும் கேட்பதற்கு முன்பே பொது அதிகார அமைப்புகள் வெளியிட வேண்டிய தகவல்களை வரிசைப்படுத்துகிறது. மக்கள் எளிதில் அணுகும் வடிவிலும் முறையிலும் அவை பரப்பப்பட வேண்டும் என 4(3) கூறுகிறது. செலவு, வட்டார மொழி, அவ்வட்டாரத்தில் மிகுந்த பயன்தரும் தொடர்பு முறை ஆகியவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும் என 4(4) கூறுகிறது. உள்ளாட்சி இணையதளத்தில் தமிழ் இடம்பெறுவது மொழிப்பற்றின் வெளிப்பாடாக மட்டும் நில்லாமல், சட்டக் கடமையோடு இணைந்த ஒன்றாக இதனால் ஆகிறது. 'எளிதில் அணுகும் வடிவு' என்னும் தொடர் மொழியை மட்டுமன்றி வடிவத்தையும் உள்ளடக்குவது குறிப்பிடத்தக்கது.

2009இல் நடுவண் அரசு இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பின்னர் அவை திருத்தப்பட்டு 2023இல் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. இணைய உள்ளடக்க அணுகல்தன்மை குறித்த பன்னாட்டு நெறிகளை அவை தழுவுகின்றன. பக்கத்தின் பொறுப்பு அமைப்பைக் குறிப்பிடல், புதுப்பித்த நாளைக் காட்டல், எழுத்துப் பிழையின்மை, பன்மொழிப் பக்கங்களை ஒருசேரப் புதுப்பித்தல் போன்றவை அவற்றுள் உள்ளன. நாளிடுதல், சரிபார்த்தல் ஆகிய பழைய தேவைகள் புதிய ஊடகத்தில் மீண்டும் விதியாவதை இங்குக் காணலாம்.

ஆனால் எல்லா மொழிகளுக்கும் பொதுவான நெறிகள் ஒரு மொழியின் தனித்தேவைகளை விரித்துரைக்க இயலாது. எளிய நடையில் எழுதுக எனப் பொதுவிதி கூறலாம். எளிய தமிழ்நடை எது, எந்தச் சொல்லை ஏற்பது, ஒற்று எங்கு மிகும், கூட்டுச்சொல்லைப் பிரிப்பதா சேர்ப்பதா என்பனவற்றைத் தமிழே முடிவு செய்ய வேண்டும். இங்கிலாந்தில் 2012இல் தொடங்கப்பட்ட நடுவண் அரசு இணையதளம் தனக்கென அகரவரிசை நடைக்கையேட்டைப் பொதுவில் பேணி வருகிறது. சொல்லுக்குச் சொல், குறிக்குக் குறி முடிவுகள் அதில் உள்ளன. தமிழுக்கு வேண்டுவது அதன் மொழிபெயர்ப்பு அன்று. அத்தகைய முடிவுகளைத் தமிழின் இயல்பிலிருந்து எடுத்துப் பதிவு செய்வதே.

6. உரைத் தரப்பாட்டின் கூறுகள்

6.1 சொல்

நகரத்தார் 'சொத்து வரி' என்பதை ஊராட்சியில் 'வீட்டு வரி' என்பர். இரண்டும் வழக்கில் உள்ளவை. அந்தந்த உள்ளாட்சிக்குரிய சொல்லைப் பயன்படுத்துவதே முறை. சிக்கல் ஒரே தளத்திற்குள் ஒரு பொருளுக்குப் பல வடிவங்கள் வழங்குவதில் உள்ளது. சான்றிதழ், சான்று, ஆணையர், ஆணையாளர், சொத்து வரி, சொத்துவரி, இணையதளம், இணையத்தளம் எனப் பக்கந்தோறும் மாறினால் தேடலும் சிதறும். எவ்வடிவம் இலக்கணத்திற்கு மிகவும் ஏற்றது என்னும் விவாதம் தொடரலாம். ஒரு தளத்திற்கு ஒரு வடிவம் என்னும் முடிவு உடனடியாக எடுக்கத்தக்கது. 'ந.க.எண்' போன்ற அலுவலகச் சுருக்கங்கள் கோப்பிற்குரியவை. மக்களுக்கான பக்கத்தில் விரித்தெழுதப்பட வேண்டும்.

6.2 தொடர்

வரி அறிவிப்புகளின் பொதுவடிவைக் காட்ட இக்கட்டுரையாளர் அமைத்த மாதிரி ஒன்று வருமாறு: 'நடப்பு அரையாண்டிற்கான சொத்து வரியினை அரையாண்டு தொடங்கிய 30 தினங்களுக்குள் செலுத்தும் வரிவிதிப்புதாரர்களுக்கு விதிகளின்படி 5 விழுக்காடு ஊக்கத்தொகை உச்சவரம்பு ரூ.5,000க்கு மிகாமல் வழங்கப்படும் எனவும், தவறும் பட்சத்தில் மேற்படி சலுகை அனுமதிக்கப்படமாட்டாது எனவும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.'

இதே செய்தியைப் பின்வருமாறு எழுதலாம்: 'ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சொத்து வரியை ஏப்ரல் 30க்குள் செலுத்துங்கள். வரியில் 5 விழுக்காடு ஊக்கத்தொகை கிடைக்கும். ஊக்கத்தொகை ரூ.5,000க்கு மேற்படாது. ஏப்ரல் 30க்குப் பின் செலுத்தினால் ஊக்கத்தொகை இல்லை.'

இரண்டாவதில் சட்டப்பொருள் குறையவில்லை. '30 தினங்களுக்குள்' என்பது நாட்காட்டி நாளாகவும், 'வழங்கப்படும்' என்பது 'கிடைக்கும்' எனவும் மாறியுள்ளன. நான்கு வாக்கியங்களுக்கும் தனித்தனி வினைமுடிவு உண்டு. ஒலிவடிவில் கேட்பவரும் இதனைப் பின்தொடர இயலும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏழு வயதிற்கு மேற்பட்டோருள் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர். எஞ்சியோருக்குப் பிறர் படித்துக் காட்டவோ கருவி வாசிக்கவோ வேண்டும். எனவே வாய்விட்டு வாசித்தால் விளங்குமா என்பதே உள்ளாட்சி உரைக்கான முதற்சோதனை. தமுக்கடித்தவர் செய்த மொழிமாற்றத்தை இனி எழுதுபவரே செய்தாக வேண்டும்.

6.3 நாள், எண்

நாளை எண்களால் மட்டும் எழுதினால் நாளும் மாதமும் மயங்க வாய்ப்புண்டு. மாதத்தைப் பெயரால் எழுதுவது ஐயம் நீக்கும். தொகைகளில் இலட்சம், கோடி முறைப்படியே காற்புள்ளி இட வேண்டும். 'விரைவில்', 'உரிய காலத்தில்', 'மறு உத்தரவு வரும்வரை' போன்றவை நாளில்லா அறிவிப்பை உருவாக்குகின்றன. காலாவதியான அறிவிப்பை நீக்கிவிடுவதைவிட, 'இந்நாள் முதல் இது செல்லாது' எனக் குறித்துப் புதியதோடு இணைத்து வைப்பதே தக்கது. பழைய விதியும் திருத்திய விதியும் ஆட்சியாண்டுகளோடு உடன் நிற்கும் உத்திரமேரூர்ச் சுவர் இதற்கு முன்மாதிரி.

6.4 பெயர்

ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத, 1,018 ஊர்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2020 ஜூனில் வெளிப்படுத்தியது. நெடில் ஒலியைக் காட்ட உயிரெழுத்துகளை இரட்டித்தும், வல்லினத்தைக் காட்டக் கூடுதல் எழுத்துகள் சேர்த்தும் அமைந்த வடிவங்கள் கடும் விவாதத்தை எழுப்ப, சில நாள்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நியாயமானது. ஆயினும் பெயர் என்பது ஒலியின் பதிவு மட்டுமன்று. ஆவணங்களிலும் அட்டைகளிலும் நினைவிலும் ஏற்கெனவே நிலைத்துவிட்ட அடையாளமும் ஆகும். படிப்பவரை உசாவாமல் வகுக்கும் தரப்பாடு நிலைக்காது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

ஆள்பெயரிலும் இச்சிக்கல் உண்டு. 2021 டிசம்பரில் பெயரின் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என அரசு ஆணையிட்டது. தமிழ்ப் படிவத்தில் தமிழ் முன்னெழுத்தும், ஆங்கில அடையாள அட்டையில் ஆங்கில முன்னெழுத்தும் அமையும்போது, இரண்டும் ஒருவரையே குறிப்பன எனத் தரவுத்தளம் அறிய வழி வேண்டும். பிறப்புப் பதிவின்போது நேரும் ஓரெழுத்து வேறுபாடு பள்ளிச் சேர்க்கையிலும் வாரிசுச் சான்றிலும் ஒரு குடும்பத்தை அலைக்கழிக்கும். படிவத்தின் பெயர்க்கட்டத்தருகே எவ்வாறு நிரப்ப வேண்டும் என ஒரு வரி விளக்கம் தருவது சிறு செயலே. அதன் பயன் ஒரு தலைமுறைக்கு நீளும்.

7. ஆவணக் காப்பு நோக்கு

இணையதளம் சேவைத்தளம் மட்டுமன்று. நாளைய வரலாற்றாய்வாளரின் மூல ஆவணமும் அதுவே. 20ஆம் நூற்றாண்டின் நகராட்சித் தீர்மானப் புத்தகங்களைக் கரையான் அரித்த இடம் தவிரப் பிற இடங்களில் இன்றும் படிக்கலாம். 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய எழுத்துருவில் உருவான கோப்புகளோ, உரிய எழுத்துரு இன்றேல், அரிப்பின்றியே படிக்க இயலாதவையாகும் நிலையில் உள்ளன. வார்டு மறுவரையறை, குடிநீர்த் திட்ட ஒப்பந்தம், நீர்நிலைப் புறம்போக்கு தொடர்பான தீர்மானம் ஆகியவை இக்கோப்புகளில் இருக்கக்கூடும். அவற்றைத் தேட இயலாமை ஆய்வாளரின் வசதிக்குறை மட்டுமன்று. தம் ஊர்க் குளம் எப்போது, எத்தீர்மானத்தால் வேறு பயனுக்கு மாற்றப்பட்டது எனக் கேட்கும் குடிமக்களுக்கும் அது மறுமொழி மறுப்பதாகும். எனவே பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, மூலக் கோப்பையும் உடன் காத்து, மாற்றிய நாளையும் பிழைதிருத்தியவரின் பொறுப்பையும் குறித்து வைப்பது உரைத் தரப்பாட்டின் பிரிக்கவியலாப் பகுதியாகும்.

முடிவுரை

தமிழ்நாட்டின் உள்ளாட்சி ஆவண வரலாற்றில் 1956 முதல் சொல்லும், 1978இல் எழுத்துருவமும், 1999, 2010 ஆகிய ஆண்டுகளில் குறியாக்கமும் அரசின் தரப்பாட்டிற்கு உள்ளாயின. ஒவ்வொன்றும் தேவையான படிநிலை. எனினும் இவை அனைத்தும் எழுதும் அலுவலகத்தின் பக்கம் நின்று வகுக்கப்பட்டவை. படிப்பவரின் பக்கம் நின்று வகுக்க வேண்டிய உரைத் தரப்பாடு இன்னும் முழுமை பெறவில்லை. 2005ஆம் ஆண்டின் சட்டம் அதற்கான கடமையைத் தந்துள்ளது; 2009 முதலான வழிகாட்டு நெறிகள் சட்டகத்தைத் தந்துள்ளன. எஞ்சியுள்ள பணி தமிழறிந்தோருக்குரியது.

இவ்வாய்வின் அடிப்படையில் மூன்று பரிந்துரைகளை முன்வைக்கலாம். அனைத்து உள்ளாட்சிகளுக்கும் பொதுவான தமிழ் நடைக்கையேடு ஒன்றை அலுவலர், தமிழாசிரியர், கணித்தமிழ் வல்லுநர், பார்வை மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் இணைந்து உருவாக்க வேண்டும். புதிய அறிவிப்பு ஒவ்வொன்றும் வெளியாகுமுன், அவ்வலுவலகத்தைச் சாராத ஒருவரிடம் வாசித்துக் காட்டப்பட்டு அவர் புரிந்துகொண்டதைக் கொண்டு திருத்தப்பட வேண்டும். பழைய எழுத்துருக் கோப்புகளுள் மன்றத் தீர்மானங்களுக்கு முன்னுரிமை தந்து ஒருங்குறி மாற்றம் தொடங்கப்பட வேண்டும். இவற்றுள் இரண்டாவதற்குத் தனி நிதியோ புதிய மென்பொருளோ தேவையில்லை. ஓலையை மத்தியஸ்தன் வாசித்தபின் அங்கிருந்த நம்பிமார் அனைவரும் வாசித்த வழக்கத்தை, சபையின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தோருக்கும் உரியதாக்குவதே அதன் உள்ளடக்கம். ஊராட்சி அளவிலான இணையப் பக்கங்களின் மொழிநடையைக் களஆய்வின்வழித் தனியே ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.